மருந்து அடித்த அறை

என் தொழில் பூச்சி மருந்து அடிப்பது. பதினாறு வருடமாக முதுகில் டாங்க்கைச் சுமந்துகொண்டு ஊரார் வீட்டுக் கரப்பானையும் கரையானையும் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பில் 'மருந்துக்காரர் வீடு எது' என்று கேட்டால் மூன்றாவது மாடிக்குக் கை காட்டுவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பூனை வரப்போகிறது என்றதும் சிரிக்காத ஆள் இல்லை. "எலிக்கு மருந்து வைக்கிற வேலையைப் பூனைகிட்ட குடுத்துட்டியாய்யா?" என்றான் கூட வேலை செய்யும் வழுக்கைத் தலையன். சிரித்துத் தொலையட்டும். என் மனைவி என்னோடு மறுபடி பேச வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு மாதமாக "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைச் சாத்துங்க" என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். ஏழாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. டாக்டர், கீழே விழுந்தாளா, காய்ச்சல் வந்ததா, என்ன சாப்பிட்டாள் என்றெல்லாம் குடைந்து கேட்டுவிட்டு, "காரணம்னு எதையும் சொல்ல முடியல" என்று கையை விரித்தார். வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்காக ஒழித்து வைத்திருந்த சின்ன அறையை இவள் பூட்டிவிட்டாள். வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "ஏங்க, ஒரு பூனை வளர்க்கலாமா?" என்றாள். எட்டு மாதத்தில் அவளாக என்னைக் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்ணு என்னம்மா, நாலு வளர்க்கலாம்," என்றேன் வாயெல்லாம் பல்லாக.

இரண்டு பேருமே ஒரு மீனைக்கூட வளர்த்ததில்லை. விலங்குகள் காப்பகத்துக்குப் போனோம். காது கிழிந்த சாம்பல் பூனை ஒன்று இவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. காப்பகத்து அம்மா, "ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வர்றேன். வீட்டைப் பார்ப்பேன், சரியா இருந்தா விட்டுட்டுப் போவேன்," என்றார். வரும் வழியில் இவள் ஒரு பெயர் யோசித்துவிட்டாள். என்னவென்று கேட்டால், "அது வந்தப்புறம் சொல்றேன், போங்க," என்று சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள்.

அந்த வாரம் அவளே சின்ன அறையைத் திறந்தாள். நான் ஜன்னலுக்கு வலை அடித்தேன். பூனை வெளிக்குப் போக மண் தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு கூடை எல்லாம் வந்தன. கூடைக்குள் விரிக்க அவள் பெட்டியிலிருந்து மஞ்சள் போர்வையை எடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது குழந்தைக்கு வாங்கியது.

சனிக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். நான் டாங்க்கை மேலே கொண்டு வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: யார் குடிவருவதானாலும் மருந்து அடிக்காத வீடு தயாரான வீடு இல்லை. பூனையின் மேல் ஒரு தெள்ளுப்பூச்சி ஒட்டக்கூடாது. இருப்பதிலேயே நல்ல மருந்தாக எடுத்து, மூலை முடுக்கு, கூடைக்கு அடி என்று ஒன்று விடாமல் அடித்தேன். வேலை சுத்தமாக முடிந்தது.

ஞாயிறு காலை காப்பகத்து அம்மா பூனைக் கூண்டோடு வந்தார். அதைச் சின்ன அறையின் நடுவில் வைத்ததும் இவள் உட்கார்ந்து கம்பிக்குள் விரலை நீட்டினாள். பூனை முகர்ந்து பார்த்து விரலில் கன்னத்தைத் தேய்த்தது. அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாடை இது?"

"நானே அடிச்சேங்க. மூணு மாசத்துக்கு ஒரு பூச்சி எட்டிப் பார்க்காது," என்று மருந்தின் பெயரையும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் சட்டென்று கூண்டைத் தூக்கிவிட்டார். இவளுடைய விரல் அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, இது பூனைக்கு விஷம். தரையில நடந்துட்டுக் காலை நக்கும். வலிப்பு வந்து செத்துடும்."

"என் வேலையை எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கத்தினேன். அவர் கூண்டோடு வாசல் பக்கம் நகரவே நான் மூலையில் கிடந்த துணியை எடுத்தேன். "இப்பவே துடைச்சிடறேங்க."

"தினமும் உங்க சட்டையில, செருப்புல வருமே. இந்த வீட்டுக்கு எப்படிங்க குடுக்கறது? மன்னிச்சிடுங்க."

வேலையையே விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் இறங்கிப் போய்விட்டார். மூன்று மாடியும் பூனை கத்திக்கொண்டே போனது.

இவள் எழுந்திருக்கவில்லை. கூடையிலிருந்து போர்வையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள்.

"இந்த வாடை எனக்குத் தெரியுங்க," என்றாள்.

"நம்ம வீட்ல இல்லாத வாடையா? விடும்மா. வேற வேலை பார்க்கறேன், அந்தப் பூனையையே—"

"குழந்தை வயித்துல இருந்தப்ப முதுகு வலிக்குதுன்னு ரெண்டு மாசம் இந்தத் தரையிலதானே படுத்துக் கிடந்தேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "குழந்தைக்குன்னு இந்த ரூமை ரெடி பண்ணீங்களே. அப்பவும் அடிச்சீங்களா?"

எறும்பு கடித்துவிடக்கூடாதே என்றுதான் அடித்தேன். டாக்டர் இதைக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. என்னோடு பேசமாட்டாளா என்று எட்டு மாதம் ஏங்கியவன் நான்.

"சொல்லுங்க. அடிச்சீங்களா?"

"ரெண்டு தடவை," என்றேன்.