பீரோவுக்குப் பின்னால்

கடைசியாக ஒருமுறை சுவரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, தையல்காரி பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளியபோது மணி பத்து. பத்தரைக்கு வீட்டு ஓனர் வருவார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிற மனிதர்.

பின்னால் இருந்தது பூசணம். நான்கு மாதத்துக்கு முன் உள்ளங்கையளவுதான். துடைத்தாள், ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். ஒரு வாரம் போனதும் கறுப்பாக மறுபடி எட்டிப் பார்த்தது. ஓனரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வீட்டுக்குள் ஈரம் உண்டாக்கினால் குடியிருப்பவரே பொறுப்பு. நாள் முழுக்க ஆவி பறக்க இஸ்திரி போடுகிறவள் எந்த முகத்தோடு சொல்வாள்? காலி பண்ணு என்றால் ஐந்து வயது மகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது?

அந்த மகளோ விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்க எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். "வீட்டுல ஈரம் கீரம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டதற்குக்கூட இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்தாள். பெற்ற தாய்! நினைத்தால் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஓனர் வந்தார். குழாயைத் திருகினார், ஜன்னல் கொக்கியை ஆட்டினார், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணி ஓட்டையைக்கூட விடவில்லை. படுக்கையறை வாசலில் மட்டும் நின்றுவிட்டார்.

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கும். அந்த பீரோ அங்கயே இருக்கட்டும்மா, நகர்த்தாதீங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த நொடிதான் உறைத்தது. பீரோவை நகர்த்தப்போவதாக யார் சொன்னது?

கட்டிலில் படுத்திருந்த மகள் இருமினாள். தொடங்கினால் லேசில் நிற்காத இருமல். ஓனரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"பாப்பா இந்த ரூம்லயா தூங்குது?"

அவள் உள்ளே போய், தோளைக் கொடுத்து பீரோவைத் தள்ளினாள். கறுப்பு அவள் உயரத்துக்கு வந்திருந்தது.

"இவ்வளவு மேல ஏறிடுச்சா?" ஓனர் முணுமுணுத்தார். "அவங்க காலி பண்ணப்போ முழங்கால் அளவுதான் இருந்துச்சு. மேல் வீட்டுக் குழாய் சுவருக்குள்ளயே கசியுது. பெயிண்ட் அடிச்சா அடங்கிடும்னு..."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான்கு மாதமாகத் திருடி மாதிரி பயந்து செத்தவள் அவள். எல்லாம் தெரிந்தும் நிம்மதியாகத் தூங்கியவர் இந்த மனிதர்.

"அவங்கன்னா யாரு சார்?"

"முன்னாடி இருந்தவங்க. புருஷன், பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை."

"குழந்தை இப்ப நல்லா இருக்கா?"

"நாளைக்கே ஆள் அனுப்பறேம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." ஓனர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

அவள் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"கேக்கறேன்ல சார்? அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?"

ஓனர் குனிந்து செருப்பில் காலை நுழைத்தார். இரண்டு முறை முயன்றும் கால் உள்ளே போகவில்லை.