இன்ஸ்பெக்டரை டேய் என்றவள்

ஆரோக்கியசெல்விக்கு வாய் சும்மா இருக்காது. உறுவையாறு கிராமத்தில் இது ஊரறிந்த சங்கதி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் மகளுக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்திருப்பாள். அப்படிப்பட்டவளை வாயைக் கட்டிக்கொண்டு ஆடுகிற விளையாட்டுக்குக் கூப்பிட்டானே அவள் தம்பி பாக்யராஜ், அவனைத்தான் சொல்ல வேண்டும்.

பாக்யராஜ் கத்தாரில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். போன புதிதில் தினமும் போன் வந்தது. பிறகு வாரம் ஒருமுறை. அப்புறம் அதுவும் "உம்", "சரிக்கா", "வெக்கிறேன்" என்று தேய்ந்துவிட்டது. கூடப்பிறந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவிப் போகிறான் என்று செல்வி புலம்பினாள்.

அதனால்தான் அவன் ஒருநாள் தானாகவே, "நான் ஆடுற கேம்ல ரோல்பிளே சர்வர் ஒண்ணு கீது, வர்றியாக்கா?" என்று கேட்டதும் என்ன ஏது என்று விசாரிக்காமல் சரி என்றாள். அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் வீட்டில் சும்மாதான் கிடந்தது. விளையாட்டு ஒன்றுதானாம், ஆனால் சர்வருக்குச் சர்வர் ஊர் வேறு, சட்டம் வேறு. உள்ளே போனால் ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு தொழில். மைக்கில் பேசும்போது அந்த ஆளாகவே பேச வேண்டும். தம்பி அங்கே இன்ஸ்பெக்டர் ரணதீரன்.

"உள்ள வந்துட்டா நீ யாரோ நான் யாரோ. அக்கா தம்பின்னு காட்டிக்கவே கூடாது. ரூலு," என்றான்.

"இதெல்லாம் ஒரு ரூலா? சரி வுடு, தெரியாத மாதிரியே பேசறேன்."

அவனுக்கு லீவான வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி பூக்கடை மல்லிகாவாக அந்த ஊருக்குள் இறங்கினாள். ஸ்கூட்டரை எடுத்தவள் சிக்னலில் நிற்காமல் போனாள். உடனே போலீஸ் ஜீப் மறித்தது. மீசையும் தொப்பியுமாக இன்ஸ்பெக்டர் இறங்கி, "லைசென்ஸ எடும்மா," என்று அதட்டினார். பின்னால் நாலைந்து போலீஸ்காரர்கள், வேடிக்கை பார்க்க ஒரு கும்பல். எல்லாம் எங்கெங்கோ உட்கார்ந்து ஆடுகிற நிஜ ஆட்கள்.

தம்பியின் குரல்தான். ஆனால் சளி கட்டிக் கரகரத்தது. அவ்வளவுதான், ரூலாவது ஒன்றாவது!

"டேய் பாக்யா, இன்னாடா குரலு இப்படிக் கட்டிக்கினு கீது? ஜுரமா? சோறு துன்னியா இல்லியா?"

யாரோ கெக்கெக்கே என்று சிரிக்க, "சார், சோறு துன்னீங்களா சார்?" என்று கும்பலே கத்த ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டரின் மைக் பட்டென்று அணைந்தது. 'விதியை மீறியதால் வெளியேற்றப்பட்டீர்கள்' என்று செல்வியின் திரையில் எழுத்து வந்தது.

அதற்கப்புறம் அவள் போட்ட மெசேஜ் எதற்கும் பதிலில்லை. போனையும் எடுக்கவில்லை. நாலு பேர் மதிக்கிற பிள்ளையை நடுத்தெருவில் மானங்கெடுத்துவிட்டோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "வேலையா இருப்பாண்டி, நீ ஏன் இடிஞ்சி போய் உக்காந்துகீற?" என்று அம்மா பவுனம்மாள் திட்டிப் பார்த்தாள்.

செல்வி வேறு சர்வர் தேடினாள். தான் சேர்கிற சர்வருக்கு அவனைக் கூப்பிட்டால் மனசு இறங்கி வருவான் என்று ஒரு நப்பாசை. ஒன்றில் சதா துப்பாக்கிச் சண்டை. இன்னொன்றில் சேருமுன் பாத்திரத்தின் வாழ்க்கைக் கதையை எழுதித் தர வேண்டுமாம், இதென்னடா தலைவலி என்று மூடினாள். கடைசியில் ஒரு சின்ன சர்வர் கிடைத்தது. வயலும் டீக்கடையும் உள்ள கிராமம், ஆட்களும் கொஞ்சம். நடத்துகிற பிரியதர்ஷினி மைக்கில் பேசித்தான் ஆள் சேர்ப்பாளாம்.

"எங்க சர்வர்ல சொந்தக்காரங்க சொந்தக்காரங்களாவே இருக்கலாம். உங்ககூட யார்னா வர்றாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியலம்மா," என்றாள் செல்வி.

சர்வரின் பேரைத் தம்பிக்கு அனுப்பினாள். 'உன் ஊருக்கு இனிமே வரமாட்டேன்டா. உனக்கு இஷ்டம்னா இங்க வா' என்று மட்டும் எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"கோவமாடா?" என்றாள், எடுத்ததும் எடுக்காததுமாக.

"கோவமா? இங்க குடோன்ல நம்பர் சொல்லிக் கூப்புடறாங்கக்கா. அங்க போனா இன்ஸ்பெக்டரு. என் பேரச் சொல்லி யாரும் கூப்ட்டு எத்தினியோ நாளாச்சி. நீ திடீர்னு பாக்யான்னதும் அழுகை முட்டிக்கிச்சி. மைக்க அமுக்கிட்டு அழுதேன். உனக்கு போன் பண்ணா மறுபடியும் அழுதுடுவேன், நீ பதறிப் பூடுவியேன்னுதான் எடுக்கல."

"அட கூறு கெட்டவனே! இங்க நான் பைத்தியமா சுத்திக்கினு கீறேன், நீ அழுகைய ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தியா?" செல்வியின் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. அன்றைக்கு அவள் திட்டியது கொஞ்சமல்ல. அவன் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அன்று சாயங்காலமே புது சர்வரில், டீக்கடை வாசலில் வந்து நின்றான். மீசையில்லை, தொப்பியில்லை. தலைக்கு மேல் பாக்யராஜ் என்றே பேர் ஓடியது.

"இன்ஸ்பெக்டர் வேல இன்னாச்சி?"

"வுட்டுட்டேன். இந்த ஊர்ல எனக்கு இன்னாக்கா வேல?"

"தம்பி வேலதான். வேற இன்னா?" என்றாள் செல்வி.