மூன்றாம் நாள் மருந்து

பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால், இந்தப் பக்கம் பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பிக்கும்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். வயலை ஒரு வரப்பு பிரித்தது. அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். வரப்புக்கு இரண்டு பக்கமும் கரும்புதான். நட்டால் வெட்டுகிறவரை ஒரு வருடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். போன நடவில்தான் சின்னவள் அந்த வழக்கத்தை உடைத்தாள். கரும்பு வரிசைகளுக்கு நடுவே சும்மா கிடந்த இடத்தில் உளுந்து விதைத்தாள்.

"கரும்புக்கு நடுவுல உளுந்தா? நல்லாயிருக்குடி! அப்படியே கரும்பு மேல கத்தரிக்காயும் காய்க்க வை" என்று பெரியவள் வரப்பில் நின்று சிரித்தாள்.

கரும்புத் தோகை விரிந்து நிழல் கட்டுவதற்குள் உளுந்து வீடு வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே வாஷிங் மெஷினும் வந்தது. சின்னவள் அதை வாசல் அறையில், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி வைத்தாள். பெரியவள் சிரிப்பு அன்றோடு போயிற்று.

அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல் கணவன். கொழுந்தனுக்குத் தெருவே வைத்த பெயர் 'நாளைக்கு'. எந்த வேலையைச் சொன்னாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று புரண்டு படுப்பான். பெரியவள் கணவனோ விடிவதற்கு முன்பே வயலில் நிற்பவன்.

"மெஷின் யார் வேணா வாங்கலாம். புருஷன் வாய்க்கணுமே!" என்று சுவருக்குக் கேட்கும்படியே சொல்வாள். பதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் இன்னும் வேகமாகச் சுற்றுவது போலத் தோன்றும்.

அடுத்த நடவு வந்தது.

"நாமளும் உளுந்து விதைக்கறோம்" என்றாள் கணவனிடம்.

"போன வருஷம் நீதானே சிரிச்சே?"

"நான் உளுந்தைப் பாத்தா சிரிச்சேன்? அவ விதைச்ச லட்சணத்தைப் பாத்துச் சிரிச்சேன்."

கணவன் விதை வாங்கக் கிளம்பினான். அந்த வீட்டில் மறுபேச்சுக்கு ஆயுசு குறைவு.

கரும்பு நட்ட மூன்றாம் நாள் காலை, வருடாவருடம் செய்வது போலவே, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்து முடித்தான். மறுநாளே பெரியவள் விதையோடு இறங்கினாள். வரிசைக்கு நடுவே கோடு கிழித்தாள், விரல் அளந்து ஒவ்வொரு விதையாகப் போட்டாள். அவளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. சின்னவள் போன வருடம் குனிந்து குனிந்து களை பிடுங்கியே இடுப்பொடிந்தாள். இங்கேதான் களையே வராதே! ஆக, உளுந்தும் கூடுதல், உழைப்பும் குறைச்சல்.

வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் உளுந்தா? ஒரு விஷயம் சொல்லணும்..."

"உளுந்து போட உன்கிட்ட டியூஷன் வரணுமாடி? நீ புடவை கட்டப் பழகறதுக்கு முன்னாடியே நான் வயல்ல இறங்கினவ. போய் உன் வேலையைப் பாரு."

சின்னவள் திரும்பிப் போய்விட்டாள்.

விதைத்த ஐந்தாம் நாள் உளுந்து முளைத்தது. பெரியவள் ஒன்றுக்கு மூன்று தரம் போய்ப் பார்த்தாள். வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்றுகூட முடிவாகிவிட்டது. சின்னவளுடையதைவிட ஒரு சாணாவது உயரமாக இருக்க வேண்டும்.

பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாயின. பதினைந்தாம் நாள் ஓரம் கருகிச் சுருண்டன. அதற்குப் பிறகு சுருள்வதற்கும் ஒன்றுமில்லை. வரப்புக்கு அப்பால் சின்னவளின் உளுந்து, கரும்புப் பயிருக்கு நடுவே பச்சைப் பசேலென்று நின்றது.

பெரியவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

"என்னடி பண்ணே என் பயிரை? அன்னிக்கு எட்டிப் பாத்தியே, அந்தக் கொள்ளிக்கண்ணுதான்!"

சின்னவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, மூணாம் நாள் மருந்து அடிச்சீங்களா?"

"அடிக்காம? உன் வீட்டுக்காரன் மாதிரி என் வீட்டுக்காரர் தூங்கிட்டா இருப்பார்?"

"அதான். கரும்பு புல்லு சாதி, அந்த மருந்தைத் தாங்கும். உளுந்து தாங்காது. மருந்து மண்ணுலயே இருந்து முளைச்ச செடியக் கொன்னுடும்."

பெரியவள் திரும்பித் தன் கருகிய வரிசைகளைப் பார்த்தாள். பிறகு, "அப்ப உனக்கு மட்டும் போன வருஷம் எப்படி வந்துச்சு? பெரிய ஆபீசரு, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்தியோ?"

"எனக்கு எங்கக்கா தெரியும்? இந்த வருஷம் பூச்சிமருந்துக் கடையிலதான் சொன்னாங்க. போன வருஷம் நானும் மருந்தடிங்க, மருந்தடிங்கன்னு கரடியாக் கத்தினேன். அவரு நாளைக்கு, நாளைக்குன்னே ஒரு மாசத்தை ஓட்டிட்டாரு. அதுக்குள்ள உளுந்து பூத்துடுச்சு."

மரத்தடியில் படுத்திருந்த கொழுந்தன் கண்ணைத் திறக்காமலே, "அண்ணி, சண்டைன்னா நாளைக்கு வெச்சுக்கலாமே" என்றான்.

"தெரிஞ்ச பிறகாவது சொன்னியாடி?"

"சொல்லத்தானே வந்தேன்? டியூஷன் வேணாம்னு துரத்தினது யாரு?" என்ற சின்னவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "விடுங்கக்கா. காய் முத்தினதும் பறிக்க ஆள் வேணும். வாங்க, பங்கு தர்றேன்."

"உன் வயல்ல நான் பங்குக்குப் பறிக்கறதா? அந்தக் காலம் வரும்போது பாக்கலாம்!"

விறுவிறுவென்று வீடு வந்து சேர்ந்தாள். இவ்வளவு நாளும் பொறாமைப்பட்டது மெஷினுக்கு. அதையாவது வெளியில் சொல்லலாம். ஒரு சோம்பேறிப் புருஷனுக்காகப் பொறாமைப்படுகிறோம் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

கொல்லையில் கணவன் டேங்கைக் கழுவி, மறுபடியும் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல ரெண்டு புல்லு தலையைக் காட்டுது. இப்பவே ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடறேன்."

"கீழ வைங்க அதை."

"வேலையைத் தள்ளிப் போட்டா உருப்படுமா?"

"பக்கத்து வீட்டுல உருப்பட்டிருக்கே, காது கேக்கல?" என்று கத்தினாள் பெரியவள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.