கட்சிக்காரர் அனுமதி தரவில்லை

1

இந்தக் கதை ஒரு வெற்றுத் தாளிலிருந்து வந்தது. முழுக்க வெற்று என்று சொல்ல முடியாது. மேலே தேதியும் தேர்வு எண்ணும் இருந்தன. நடுவில் ஒரு வரி: "கட்சிக்காரரின் அனுமதி பெறவில்லை. ஆகவே எழுதவில்லை." கீழே ஒரு சட்டக் கல்லூரி மாணவியின் கையெழுத்து.

அந்தக் கட்சிக்காரர் நான்.

இதற்கு முன் நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று மழையில் தொடங்கியது. அன்று மழை பெய்யவில்லை. இன்னொன்று "மனைவி இறந்த ஏழாம் மாதம் அவள் உட்கார்ந்த நாற்காலியில் நான்" என்று பாதியில் நிற்கிறது. அந்த வாக்கியத்தை முடிக்கத்தான் மீதிக் கதையை எழுதுகிறேன் போலிருக்கிறது.

2

என் மனைவி பதினோரு வருஷம் பொய்க் கட்சிக்காரராக இருந்தாள். கடைசி வருஷ மாணவர்கள் கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கஷ்டத்தோடு வந்தவர் எதிரில் எப்படி உட்காருவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பார் அதை நடத்தும் ஆசிரியை. ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கற்பனை வழக்கு. மாணவர் கட்சிக்காரரிடம் பேசி, விவரம் வாங்கி, அறிக்கை எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

வழக்கு இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுவர் இவர் வீட்டு ஜன்னலை மறைத்துவிட்டது. ஆனால் சுவர் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று இவரே முன்பு கடிதம் கொடுத்திருக்கிறார். அதை மறைப்பார். நோகாமல் அதை வெளியே வரவழைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

அவள் வீட்டுக்கு வந்து சொல்லுவாள்: "இன்னிக்கு ஒருத்தன் ரெண்டே நிமிஷத்துல கேஸை ஜெயிச்சுக் குடுத்துட்டான். நான் இன்னும் என் பேரையே சொல்லல."

அவள் போன பிறகு ஆசிரியை வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, அக்காவோட ஃபைல் அப்படியே என்கிட்ட இருக்கு. அந்த நாற்காலியில வேற யாரையும் உட்கார வைக்க மனசு வரல."

"எனக்கு நடிப்பெல்லாம் வராதும்மா."

"அக்காவும் இதையேதான் சொன்னாங்க. முதல் நாளே ஒரு பையனை அழ வச்சுட்டாங்க."

ஃபைலை வாங்கினேன். "வீட்டில் வேறு யார்?" என்ற கேள்விக்கு எதிரே 'கணவர்' என்பதை அடித்துவிட்டு 'மனைவி' என்று எழுதியிருந்தார் ஆசிரியை. வேலை அவசரத்தில் யோசிக்காமல் செய்த திருத்தம். நான் சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன். என் கண் நேரே அங்கேதான் போனது. அதை மட்டும் திருத்தவில்லை.

3

ஏழு பேர் வந்தார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் கைப்பேசி பார்த்தான். ஒருத்தி நான்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் என்பது போல என்னையே அதட்டினாள். ஏழு பேரும் கேட்டார்கள்: "வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"மனைவி இருக்காங்க."

முதல் தடவை தாளைப் பார்த்துப் படித்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்தக் கேள்விக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.*

(*இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த அறையில் அவள் உயிரோடு இருந்தாள். ஒவ்வொருவரும் அதைக் கேட்டு, தலையாட்டி, எழுதிக்கொண்டார்கள்.)

எட்டாவதாக வர வேண்டியவள் வராந்தாவில் நின்றிருந்தாள். கூடப் படிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் கதவு வழியாகக் கேட்டது.

"ஏய் ஊமைக்கோட்டான், உள்ள போயாவது வாயைத் தொறப்பியா? இல்ல கட்சிக்காரரே கேஸை நடத்திக்கணுமா?"

"அவர் பேசத்தானே வந்திருக்காரு. நடுவுல நான் எதுக்கு?"

[இந்தப் பெண்ணை ஒரு பாத்திரமாக எனக்கே நம்ப முடியவில்லை. ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். நம்பும்படி ஆக்க ஒரு முன்கோபம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நிஜத்தில் இருந்ததை மட்டும் வைக்கிறேன்: அவளுக்குச் சளி பிடித்திருந்தது. இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.]

உள்ளே வந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தாள். கேட்டு, மூக்கைத் துடைத்து, எழுதினாள். வீட்டில் யார் என்றாள். மனைவி என்றேன். மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போன இடம் அது. அவள் போகவில்லை.

"அந்த ஜன்னல்கிட்ட அதிகம் உட்காருறது யாருங்க? நீங்களா, அவங்களா?"

"அவதான்."

"சுவர் வந்ததுக்கப்புறம் அவங்க என்ன சொல்றாங்க?"

ஃபைலில் இதற்குப் பதில் இல்லை. பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அவ இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடியைப் போட்டாள். நோட்டை மூடித் தள்ளி வைத்தாள். "சொல்லுங்க" என்றாள். இல்லை, இந்தச் "சொல்லுங்க" கதைக்காக நான் சேர்த்தது. அவள் மூடியைப் போட்டாள், அவ்வளவுதான்.

5

நான்காம் பகுதி இல்லை. பிழை திருத்தியவன் சொல்கிறேன், இது அச்சுப்பிழை இல்லை.

பதினேழு நிமிடம் பேசினேன். என் மனைவியின் கடைசி வாரத்தைப் பற்றி. அன்று காலை அவள் என்னைப் பார்த்து, அதற்கு நான்

[இங்கே ஆறு வரி இருந்தது.]

முடித்ததும் அந்த மாணவி கேட்டது ஒன்றுதான்: "இதுல எதையாவது நான் எழுதலாங்களா?"

"ஒண்ணும் எழுதாதம்மா."

நான் சொன்னது அந்தப் பதினேழு நிமிடத்தை. அவள் அதைச் சுவருக்கும் ஜன்னலுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். பாதியை எழுதினால், மீதி நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்பார்களே.

6

கேட்டார்கள். மூன்று நாள் கழித்து அவளோடு என்னையும் அழைத்தார்கள். ஆசிரியை, கல்லூரி முதல்வர், நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். மேசைமேல் அந்த ஒற்றை வரித் தாள்.

உள்ளே போகுமுன் ஆசிரியை என் காதருகே வந்தார். "அண்ணா, அவ சைபர் வாங்கப் போறா. அரை வருஷம் போயிடும். நீங்க என்ன சொன்னீங்கன்னு சொல்லிட்டா விட்டுடுவாங்க."

நீதிபதி அவளிடம் கேட்டார்: "இது பயிற்சிம்மா. அவர் நடிக்க வந்தவர். உனக்குத் தெரியாதா?"

"எது நடிப்பு, எது நிஜம்னு எனக்குத் தெரியலீங்க சார். தெரியாதப்போ நிஜம்னுதானே எடுத்துக்கணும்?"

"அப்போ அவரையே கேட்டுடலாம்." என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க, அன்னிக்கு என்னதான் பேசுனீங்க?"

வாயைத் திறந்தேன். சொல்லித்தான் இருப்பேன். ஒரு பெண்ணின் அரை வருஷம் என் நாக்கு நுனியில் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"சார், என் கட்சிக்காரர் இதுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல."

இந்த இடத்தை ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பதும் பொய்யாக வந்தது. இருப்பதைச் சொல்கிறேன். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை எத்தனையோ பதிப்புகளில் நான் திருத்தியிருக்கிறேன். அதற்குக் காற்புள்ளி வைத்திருக்கிறேன். எழுத்து மங்கினால் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இரண்டு காலில் எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. சளி பிடித்த மூக்கோடு, தன் கழுத்துக்கு வந்த கத்தியை விட்டுவிட்டு, யாரோ ஒரு கிழவனின் துக்கத்துக்கு முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

7

முடிவுகள்.

(அ) நீதிபதி எழுந்து கை தட்டுகிறார். எழுதினேன், படித்தேன், கிழித்தேன். அவர் தட்டவில்லை.

(ஆ) நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், அவள் தேர்வாகிறாள். என் கையில் இருந்த முடிவு. அவள் மறித்த பிறகும் சொல்லியிருக்கலாம். என் ரகசியம், நானே திறக்கலாம். திறக்கவில்லை. அது மரியாதையா கோழைத்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை.

(இ) நடந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போயிட்டு வாங்க" என்றார். என்ன மதிப்பெண் என்று எனக்குச் சொல்லவில்லை. மறு வருஷம் நீதிமன்றப் பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கறுப்புக் கோட்டோடு பார்த்தேன். அவளோடு படித்தவர்கள் கோட்டு போட்டு அதற்குள் அரை வருஷம் ஆகியிருந்தது.

"என்னம்மா மார்க் போட்டாங்க உனக்கு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க ஐயா? இந்தச் சளிதான் இன்னும் போக மாட்டேங்குது."

8

கதை முடிந்தது என்று நினைத்து, தாள்களைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, நாலு எங்க?"

"அது கிடையாதும்மா."

"நடு ரோட்டுல பள்ளம் தோண்டி வச்சா படிக்கிறவன் விழுந்து காலை உடைச்சுக்க மாட்டானா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட அம்மாவைப் பத்திப் பதினேழு நிமிஷம் பேசியிருக்கீங்க. என்கிட்ட ஒரு நிமிஷம்கூடப் பேசலப்பா."

இதற்கும் ஃபைலில் பதில் இருக்காது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள். "பேனா கீனா எதுவும் எடுத்துட்டு வர மாட்டேன்."

9

படிக்கிறவரே, நான்காம் பகுதி உங்களுக்கும் வேண்டும் என்று தெரியும். அதன் விலை ஒரு பெண்ணின் அரை வருஷம். ஒரு நல்ல முடிவுக்காக அதை உங்களுக்கு விற்க எனக்கு மனசில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு நான்காம் பகுதி இருக்கலாம். அதை யாரிடம் சொல்வது என்பதுதான் இந்தக் கதையின் முடிவு என்றால், அது உங்களிடம் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலருகே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மகள் எப்போதும் இரண்டிரண்டு படியாக ஏறுவாள். இன்று ஒவ்வொன்றாக ஏறி வருகிறாள்.

இந்தப் பேனாவின் மூடியை எங்கே வைத்தேன்?

இதோ.