புளூஸ் கோஷ்டிக்கு வந்த முதல் கூட்டம்

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், புளூஸ் கோஷ்டி ஒன்று உருவானதென்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உருவானது. மூன்றே மூன்று பேர். கிட்டாருக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுகந்தன். ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்த ஆள். போனில் புளூஸ் என்கிற அமெரிக்கப் பருத்திக்காட்டுக் கூலிகளின் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது நம்ம ஆளுங்க பாட்டுய்யா" என்று பித்துப் பிடித்து அலைந்தவன். தாளத்துக்கு வீரய்யா. கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு அடிக்கிறவன். பாடுவதற்கு யோகேஸ்வரன். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் அவனுக்கு வேலை.

யோகேஸ்வரனுக்குப் புளூஸும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவன் சேர்ந்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஆறு நாளும் மெஷின் சத்தத்தில் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை லயத்து வரிசை வீடுகளில் தன் ஒற்றை அறைக் காம்பராவில் சோறாக்கி, ஒரு தட்டில் போட்டுத் தின்று, அந்த ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாலும் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். அப்புறம் என்ன செய்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதா?

அவன் பெண்சாதி லோஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். கொரோனா வருஷம் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அங்கேயே புதைத்தும்விட்டார்கள். இங்கே ஊரடங்கு. சேதி வந்த அன்று தப்பு அடிக்கவில்லை, ஒரு பெண்பிள்ளை வந்து ஒப்பாரி வைக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஊரடங்கு முடிந்தபோது அவரவர் பாடு அவரவருக்குப் பெரிதாகிவிட்டது. பழைய சாவுக்கு யார் வந்து உட்காருவார்கள்? ஐந்து வருஷமாக அவனும் அழவில்லை. தனியாக உட்கார்ந்து எப்படி அழுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருத்தராவது வந்து எப்படி நடந்தது என்று கேட்கமாட்டார்களா என்று ஏங்குவான். கேட்கத்தான் ஆளில்லை.

ஞாயிறு பகலில் பிள்ளை மடுவம் பூட்டிக் கிடக்கும். கொழுந்தெடுக்கிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. சாவியை வாங்கி அங்கேதான் பழகினார்கள். ஒரு வரியை இரண்டு தடவை பாடிவிட்டு மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றான் சுகந்தன். "கடல் தாண்டிப் போனவளே, கதவு தெறந்து கெடக்குதடி" என்று யோகேஸ்வரன் இரண்டு தடவை நன்றாகவே பாடினான். மூன்றாவது வரிக்கு வாய் வரவில்லை. மூன்று வாரமாக இதே கதை.

"தாளம் ஓடுது. அதான் அவருக்கு வரமாட்டேங்குது," என்றான் சுகந்தன். "வீரய்யா, கொஞ்சம் மெதுவா அடிங்க."

வீரய்யா மெதுவாக்கினான்.

"இன்னும் மெதுவா."

"வாத்தியாரே, இதுக்கும் மேல எறக்கினா அது சாவு அடிங்க. வேணாம்."

"அட, கதவச் சாத்திக்கிட்டா யாருக்குக் கேக்கப்போகுது?"

டவுன்காரனுக்கு என்ன தெரியும்! கதவைச் சாத்தினார்கள், அடித்தார்கள். தகரக் கூரையில் மோதிய தப்புச் சத்தம் பள்ளத்தில் இறங்கி நேராகக் கீழ் டிவிசனுக்குப் போய்விட்டது.

அரை மணி நேரத்தில் கதவு இடிபட்டது. திறந்தால், மழையில் இருபது முப்பது பேர். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஆண்களின் தோளில் சாவு வீட்டுக்கான விறகு. முன்னால் ராக்காயி நின்றாள், கீழ் டிவிசனில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் குரல் எடுக்கிறவள்.

"யாரு தம்பி போனது? எந்தக் காம்பரா?"

"யாரும் சாகலங்க," என்றான் சுகந்தன். "நாங்க சும்மா பாட்டுப் பழகினோம்."

ராக்காயிக்கு வந்ததே கோபம்! "படிச்ச மனுசனுக்குப் புத்தி வேணாம்? சாவில்லாத லயத்துல சாவு அடி அடிச்சா அது எந்த வீட்டுல போயி விடியும்? அடேய் வீரய்யா, உனக்குமாடா தெரியாது?"

வீரய்யா தப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வந்தவர்கள் முணுமுணுத்தபடி திரும்ப ஆரம்பித்தார்கள்.

"லோஜினிக்குத்தாங்க்கா அடிச்சோம்."

சொன்னது யோகேஸ்வரன். சொல்ல வேண்டுமென்று அவன் நினைக்கவேயில்லை. சொன்னபின் பயம் வந்துவிட்டது. அதுதான் அஞ்சு வருஷமாச்சே என்று இவர்களும் போய்விட்டால், இனி ஆயுசுக்கும் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

ராக்காயி அவனையே பார்த்தாள். "அந்தப் புள்ளைக்கு நாங்க யாருமே வரல இல்ல?"

"வரலங்க்கா."

அவள் மழைக்குத் தலையில் போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் விறகை வாசலில் இறக்கினார்கள். சுகந்தன் கிட்டாரைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"சொல்லு தம்பி. எப்படி நடந்துச்சு? கடைசியா எப்பப் பேசின?"

"சாகுறதுக்கு மொத நாள் அந்திக்குங்க்கா. மூச்சு வாங்குதுங்க, இன்னுங் கொஞ்ச நேரம் பேசுங்கன்னா அவ. இங்க லயத்துல சிக்னல் இல்ல, ரோட்டு வளைவுல நின்னுதான் பேசணும். நல்ல மழை. நனையிறேன், நாளைக்குப் பேசுவோம்னு... நான்தாங்க்கா போன வச்சேன்."

ராக்காயி அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு குரலெடுத்தாள். யோகேஸ்வரன் வாய்விட்டு அழுதான்.