ஓரம் தெரியாத படம்

பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் பரிசோதனையில் கண்ணில் மருந்து விடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார் பெரியப்பா. பள்ளிக்கூடக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். மருந்து விட்டால் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் பார்வை மங்கும், கறுப்புக் கண்ணாடி போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். "நம்ம வீட்டுப் பிள்ளைய அப்படிக் கூட்டிட்டுப் போனா நாலு பேர் நாலு விதமா பேசமாட்டாங்களா?" என்று தம்பியிடம் கேட்டார். தம்பி எதிர்த்துப் பேசிப் பழகாதவன்.

அதனால் செல்போனில் லென்ஸ் மாட்டிக் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் பெண் வந்திருந்தாள். மருந்து தேவையில்லை, அறை இருட்டாக இருந்தால் கண்மணி தானாக விரியுமாம். ஆய்வுக்கூடத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. ஊர்ப் பிள்ளைகள் முடியட்டும் என்று தம்பி மகளைக் கடைசியாக அழைத்து வந்தார் பெரியப்பா.

வீட்டில் அவளுக்குப் புயல் என்று பெயர். சாயங்காலமானால் செம்பைத் தட்டிவிடுவாள், வாசற்படியில் இடறுவாள். "புயல் கரையைக் கடந்தாச்சு!" என்று முதலில் சிரிப்பவர் பெரியப்பாதான். ஆனால் இன்றைக்குச் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தாள். "எங்க குடும்பத்துக் கண்ணும்மா" என்று பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவின் கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. மேசை, முக்காலி, குழந்தையின் வெள்ளை ரிப்பன் எல்லாம் தெரிந்தன.

"வந்து உக்காரு செல்லம்" என்றாள் அந்தப் பெண், போனில் லென்ஸைத் திருகியபடி.

குழந்தை இரண்டு கைகளையும் முன்னே நீட்டினாள். காற்றைத் தடவினாள். எதிரே நின்ற முக்காலியில் நேராகப் போய் மோதி விழுந்தாள். அழவில்லை, விழுந்து பழகியவளைப் போலத் தரையைத் துழாவி எழுந்தாள். புயல் என்று வாயெடுத்த பெரியப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்த அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரிகிற முக்காலி அவளுக்குத் தெரியவில்லை.

படம் நன்றாகவே விழுந்தது. திரையில் செம்மஞ்சள் வட்டம், நடுவே நரம்புகள்.

"சுத்தமா இருக்கு ஐயா. கூட்டிட்டுப் போலாம்."

அப்படியே போயிருக்கலாம். குடும்பத்து மானம் அந்த வட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது. பெரியப்பா நகரவில்லை.

"இருட்டுல அவளுக்கு... கொஞ்சம் கம்மியோன்னு..."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "எத்தனை நாளா?"

சிரித்த நாளையெல்லாம் எப்படிக் கணக்குச் சொல்வது?

"இதுல நடுப்பகுதி மட்டும்தான் ஐயா வரும். இந்த மாதிரி கோளாறு ஓரத்துலதான் ஆரம்பிக்கும். மருந்து விட்டாத்தான் ஓரம் தெரியும்."

"அப்போ விடும்மா. இப்பவே விடு."

"கொண்டு வரலையே. கூடாதுன்னு நீங்கதானே சொல்லி அனுப்புனீங்க?"

இத்தனை பிள்ளைகளின் கண்ணுக்கும் சேர்த்து அவர் சொன்ன சொல் அது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

"சரியாயிடுமா?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "நான் படம் எடுக்கிறவ ஐயா."

வெளியே மசங்கல், பொழுது சாய்ந்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தபடியே குழந்தை நடந்தாள். படி வந்தது.

"கீழே பார்த்து நடம்மா."

"பார்த்துக்கிட்டுத்தான் பெரியப்பா நடக்கிறேன்."

அவர் கையை நீட்டினார். பக்கத்தில் நீட்டிய கை அவளுக்குத் தெரியவில்லை. அவரே குனிந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னங்கய்யா, புயல் இன்னைக்குக் கையில சிக்கிடுச்சா?"

குழந்தை சிரித்தாள். பெரியப்பா கையை விடவில்லை. தெருவிளக்கு ஏன் இன்னும் எரியவில்லை என்று அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்.