கலையாத சீட் பெல்ட்டுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் வேலை பார்த்த இடத்தில் உலகத்து விமான நிறுவனங்களை அவை இருக்கும் நாடுகளை வைத்து ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். ஒரு பயணியை நூறு கிலோமீட்டர் கொண்டுபோக எந்தப் பகுதி எத்தனை லிட்டர் எரிக்கிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று பட்டியல் போட்டது அவள்தான். புதன்கிழமை அது வெளியாகும். வெளியானால் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அதோடு, குறைவாக எரிப்பதில் அவர்கள் வாழும் மஞ்சள் பகுதிக்கே முதலிடம்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பட்டியலை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனாருக்கு விமான நிலையத்தில் வேலை. வந்து நிற்கும் விமானங்களில் ஏறி, உள்ளே சுத்தம் செய்வாள்.

"நம்ம ஆளுங்களா முதல்ல? அண்ணி, யார் காதுல பூ சுத்துறீங்க?"

"ஏன்டி, உனக்கு வயித்தெரிச்சலா?"

"எனக்கென்ன? நம்ம விமானம் வந்து நின்னாலே எங்க ஆளுங்களுக்குக் கொண்டாட்டம். பாதி சீட்டத் தொடவே வேண்டாம்."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன் தொட வேண்டாம்?"

"சுத்தம் பண்ணதும் பெல்ட்ட சீட்டு மேல குறுக்கா போட்டு வைப்போம். விமானம் கிளம்பற ஊர்ல சுத்தம் பண்றவங்களும் அப்படித்தான். வந்து இறங்கறப்ப அது கலையாம இருந்தா, யாரும் உக்காரலன்னு அர்த்தம். நம்ம விமானத்துல வரிசை வரிசையா கலையாம கிடக்கும். காத்தத்தான் ஏத்திட்டு வர்றாங்க. காத்துக்கு எத்தனை லிட்டர் அண்ணி?"

"போடி. நீ பாக்கறது நாலு விமானம். நான் பாத்தது நாலாயிரம்."

"சரிங்க மகாராணி, சட்டை தீயுது பாருங்க."

சட்டை தீயவில்லை. அண்ணிக்குத்தான் உள்ளே எதுவோ கருகியது.

திங்கட்கிழமை முதல் வேலையாக, நிறுவனங்கள் அனுப்பிய மூலத் தாள்களைப் பிரித்தாள். நான்கு பகுதிகள் ஏறிய பயணிகளின் எண்ணிக்கையைக் கொடுத்திருந்தன. மஞ்சள் பகுதி மட்டும் விமானத்தில் இருந்த இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொடுத்திருந்தது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டது அவள் கைதான். ஆறு மாதமாக அதை எத்தனையோ பேர் பார்த்தார்கள். இருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விமானத்தில் ஒருநாளும் பறந்திராத நாத்தனாருக்குத் தோன்றியிருக்கிறது.

சரியான எண்களைக் கேட்டு வாங்க செவ்வாய் மதியம் ஆனது. மறுபடி வகுத்தாள். புத்தம்புது விமானங்கள் வைத்திருந்த மஞ்சள் பகுதி நாலாம் இடத்துக்குச் சரிந்தது. பழைய விமானங்களை எள் விழ இடமில்லாமல் நிரப்பிப் பறந்த பச்சைப் பகுதி முதலிடத்துக்கு வந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தன் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை கையெழுத்துக்காக அதிகாரியின் மேசையில் காத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, தலைமை அதிகாரியின் அறைக்குப் போனாள். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் பார்க்காமல் எதையும் விடமாட்டார் என்பதால் அவருக்குத் தசமம் என்று பட்டப்பெயர்.

தசமம் இரண்டு பட்டியலையும் நெடுநேரம் பார்த்தார்.

"யார் கண்டுபிடிச்சது?"

நான்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"என் நாத்தனார் சார். விமானத்துல சீட்டு துடைக்கிறவ." பெல்ட் கதையையும் சொன்னாள்.

அவர் மேசையிலிருந்த ஆணையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "பட்டியல் அடுத்த மாசம்தான் போகும். உங்க ஆணை மூணு மாசம் தள்ளும். தப்பு பெரிசும்மா, வேற வழியில்ல."

"சரி சார்." குனிந்த தலையை அவளே நிமிர்த்திக்கொண்டாள்.

கதவருகே போனவளை அவர் கூப்பிட்டார். "உங்க நாத்தனாருக்கு என்னிக்கு லீவு? இங்க எல்லாருக்கும் ஒரு மணி நேரம் வந்து பேசுவாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன் சார். ஆனா அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"இருக்கட்டும்மா. இங்க அது ஒருத்தருக்கும் இல்லாமதான் இந்த லட்சணத்துல நிக்கறோம்."